திரும்பி வந்த அறுபது மோட்டார்கள்

மடுகரை
14 ஜூலை 2025

கஸ்தூரிக்கு,

நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கொஞ்சம் நீளம்தான். கத்தவும் செய்தேன். ஆளுக்கு எதிரே வாய் திறக்காதவள் போனிடம் கத்தினேன் என்று நீ சிரித்திருக்கலாம். அதனால் கவர் வாங்கி எழுதுகிறேன். நான்கு வருடம் கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோம். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் சண்டைக் கடிதமாகவா இருக்க வேண்டும்?

உன் ஓசூர் ஸ்கூட்டர் கம்பெனியின் தர ஆய்வாளராக எங்கள் திருபுவனைப் பட்டறைக்கு வந்தாய். நாற்பது மோட்டாரையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய். அது உன் வேலை. நான் அதற்காக எழுதவில்லை. நான் மேற்பார்க்கும் இருபத்திரண்டு பெண்கள் நிற்கும்போது நீ சொன்னது இதுதான்: "வெளிநாட்டுல மெஷின் ஒரு லட்சம் மோட்டார் சுத்துது, எல்லாம் ஒண்ணு போல இருக்கு. நீங்க நாப்பது சுத்துனா நாப்பதும் நாப்பது விதம்."

நீ போன பிறகு அவர்களில் ஒருவரான சின்னபொண்ணு அக்கா கேட்டார். "இன்னா ரோஸு, உன் பிரெண்டுன்ன? அது இன்னா இப்படிப் பேசுது?" நான் கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன். வாய் திறக்க எனக்கு எப்போதுதான் வந்தது?

அந்த நாற்பதும் எப்படிச் செய்தவை என்று உனக்குத் தெரியும். இரும்பு வளையத்தின் இடுக்குகளில் செம்புக் கம்பியைக் கையால் நெருக்கி நெருக்கி வைத்து, வெளியே நீளும் கொத்தை நூலால் கட்டி, வார்னிஷில் முக்கி, சூளையில் சுட்டு எடுத்தவை. வெளிநாட்டிலிருந்து வரும் சக்திவாய்ந்த காந்தம் நின்றுபோனதும் உங்கள் கம்பெனிதான் சாதாரண காந்தத்தில் ஓடும் மோட்டாரை வரைந்தது. காந்தம் பலவீனமானது என்பதால் செம்பு அதிகம் வேண்டும். அவ்வளவு செம்பைத் திணிக்கும் இயந்திரம் இன்னும் நம் நாட்டுக்கு வரவில்லை. அதனால்தான் கையைத் தேடி எங்களிடம் வந்தீர்கள். வந்தபின் கை கோணல் என்கிறீர்கள்.

இந்த ஆர்டர் உறுதியானால் மாதம் ஐநூறு மோட்டார், பக்கத்து ஷெட்டும் எங்களுக்கு. இல்லையென்றால் இவர்கள் மறுபடி கரும்பு வெட்டப் போவார்கள். நான் வீட்டில் டிகிரியைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, உங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் உங்கள் வயலில் என் அம்மா நாற்று நடும்போது உன் அப்பா வரப்பில் நின்றதுதான் ஞாபகம் வந்தது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

ரோஸ்லின்


ஓசூர்
22 ஜூலை 2025

ரோஸ்லின்,

வரப்பு வரியை மூன்று முறை படித்தேன். அந்த வரி இல்லாமலும் நீ நன்றாகத்தான் திட்டியிருக்கிறாய்.

இப்போது விஷயம். நாற்பதில் மூன்றை எடுத்து அதிர்வு மேடையில் வைத்தோம். நம் ஊர் ரோட்டில் வண்டி குலுங்குவதைப்போல அது குலுக்கும். இரண்டு மோட்டாரில் கம்பிக் கொத்து தளர்ந்து, ஒன்றோடொன்று உரசி, மேல்பூச்சு தேய்ந்து ஷார்ட் ஆனது. ஓடும் வண்டியில் இது நடந்தால் மோட்டார் நடுரோட்டில் நின்றுவிடும். பின்னால் லாரி வரும். நான் வேறென்ன எழுதியிருக்க வேண்டும், சொல்.

நான் பேசிய விதம் தவறு. ஆனால் சொன்ன விஷயம் தவறில்லை. இங்கே வாரம் ஒரு கூட்டம். மின்வாகனத்தில் நாம் மற்ற நாடுகளோடு எப்படிப் போட்டி போடுவது என்று பேசுவார்கள். பேட்டரிக்குள் இருக்கும் செல் வெளியிலிருந்து வருகிறது. காந்தம் வெளியிலிருந்து வந்தது, இப்போது வருவதில்லை. சிப்பும் அப்படித்தான். நாம் செய்வது பெரும்பாலும் பாகங்களைப் பூட்டுகிற வேலை. கூலி குறைவு என்பதை வைத்து ஒரு நாடு எத்தனை நாள் பிழைக்கும்? நம்மைவிடக் குறைந்த கூலிக்கு நாளைக்கு இன்னொருவன் வருவான். ஆயிரத்தில் ஆயிரமும் ஒரே தரம் என்று காட்டினால்தான் மறுபடி நம்மிடம் வருவார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்று. திருபுவனை என்ற பெயரை அந்தக் கூட்டத்தில் சொன்னதே நான்தான். "இது எந்த ஊர்?" என்று கேட்டார்கள். மேனேஜர் முழு மோட்டாராக இறக்குமதி செய்யலாம் என்கிறார். நீங்கள் தோற்றால் அவர் ஜெயிப்பார்.

இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறேன். அறுபது மோட்டார், ஆகஸ்ட் பதினைந்துக்குள். உன் எண்ணின் பிளாக்கை எடுக்கமாட்டேன். உங்களைத் தேர்வு செய்யும் இடத்தில் நான் இருக்கிறேன், ராத்திரி பகல் போனில் பேசினால் நன்றாக இருக்காது. தபால் போடு.

கஸ்தூரி


மடுகரை
24 ஆகஸ்ட் 2025

கஸ்தூரி,

பாஸ்! உன் ஆபீஸ் மெயில் வந்ததும் முத்துசாமி சார் அவர் அறையிலிருந்து ஓடி வந்தார். முதலாளி ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு செருப்பு அறையிலேயே கிடந்தது.

அறுபதையும் பதினான்காம் தேதியே அனுப்பிவிட்டோம். மறுநாள் ஷெட் வாசலில் கொடி ஏற்றினோம். சின்னபொண்ணு அக்கா, "வண்டி வெளிநாட்டுக்குப் போவுதாமே, நம்ம கை வெக்காம போவுமா?" என்றார். இனிப்புக் கடை வைத்திருக்கும் தன் சொந்தக்காரரிடம் அவரே சொல்லி ஒரு பெட்டி மைசூர்பாகு வந்தது.

முதல் நாற்பதில் நூல் மெலிசாக இருந்திருக்கிறது. இந்த முறை தடித்த நூல். அதோடு நான் செய்த வேலை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பக்கத்தில் நின்றேன். கம்பிக் கொத்தைக் கட்ட மற்றவர்களுக்கு ஏழு நிமிடம், கலியம்மாள் அக்காவுக்கு நான்கே நிமிடம். அவர் கட்டும் முறையைப் படம் வரைந்து சுவரில் ஒட்டி எல்லோரையும் பழக்கினேன். மஞ்சுளா மட்டும் பழைய கம்பெனிப் பழக்கம் என்று அவள் வழியிலேயே கட்டினாள், மூன்றில் ஒரு பங்கு மோட்டார் அவள் கையில்தான். விட்டுவிட்டேன். அந்தத் தாளின் அடியில் என் பெயர் இருக்கிறது. அப்பா ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பது விதம் என்றாய் அல்லவா? வந்து பார்.

ரோஸ்லின்


ஓசூர்
29 ஆகஸ்ட் 2025

ரோஸ்லின்,

வாழ்த்து. பேச்சுக்குச் சொல்லவில்லை. மூன்று மோட்டாரை இரண்டு மடங்கு நேரம் குலுக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அறுபதையும் வண்டிகளில் பூட்டியாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் ஒரு வியாபாரிக்கு மாதிரியாகப் போகின்றன. வெளிநாட்டுக் காந்தமே இல்லாமல் நாம் செய்த முதல் வண்டி. அவருக்குப் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். இங்கே இப்போது சோதனை ஓட்டம் நடக்கிறது. செப்டம்பர் பதினைந்தில் உங்கள் பட்டறைக்கு ஒப்புதல் கையெழுத்து, இருபதில் வண்டிகள் சென்னைத் துறைமுகம்.

ஒரு சின்னக் கேள்வி. முதல் நாற்பது ஏன் தோற்றது என்று காரணம் எழுத வேண்டிய இடத்தில் "நூல் மாற்றப்பட்டது" என்று நிரப்பியிருக்கிறேன். அது என்ன செய்தோம் என்பது. ஏன் தளர்ந்தது என்பது இல்லை. உனக்கு உறுதியாகத் தெரியுமா?

கஸ்தூரி


மடுகரை
4 செப்டம்பர் 2025

கஸ்தூரி,

நேற்று உன் ஆபீஸுக்கு வந்த மெயிலைப் பார்த்திருப்பாய். அறுபது வண்டியையும் நிறுத்தச் சொல்லி நான்தான் எழுதினேன். இது உனக்கு மட்டும்.

உன் கேள்வி எனக்குக் கிடைத்தது திங்கட்கிழமை. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் காலை பஸ் உங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றது. ரோட்டோர வயலில் சம்பாவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா நாற்றுக்கட்டைத் தூக்கி வீசினார். சேற்றில் நின்ற இன்னொருவர் அதைப் பிடித்து, ஒரே கையால் நுனியை இழுத்தார். கட்டு அவிழ்ந்து விரிந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. நான் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன்.

நாற்றுக்கட்டைச் சுருக்குப் போட்டுத்தான் கட்டுவார்கள். நடுகிறவர் ஒரு கையில் நாற்றோடு நிற்பார், இன்னொரு கையால் இழுத்ததும் அவிழ வேண்டும். லீவு நாட்களில் நானும் அப்படிக் கட்டியிருக்கிறேன். அந்த முறையைத்தான் நான் படம் வரைந்து, என் பெயர் போட்டு, சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பட்டறைக்குப் போனதும், வார்னிஷுக்குப் போகாத ஒரு மோட்டாரை எடுத்து நூல் நுனியை இழுத்தேன். வந்துவிட்டது. மஞ்சுளா கட்டியதை இழுத்தேன், விரல்தான் சிவந்தது. அவள் துணிக் கம்பெனியிலிருந்து வந்தவள், சேற்றில் இறங்கியதே இல்லை. பிறகு அவிழ்ந்ததை மறுபடி கட்டி, இரண்டையும் வார்னிஷில் முக்கிச் சூளையில் வைத்தேன். சூடு ஏறும்போது சுருக்கு மெல்ல நெகிழ்ந்தது. வார்னிஷ் இறுகியதும் வெளியே பார்க்க எல்லாம் கெட்டியாக இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கம்பிகள் அசைய இடம் இருந்தது. முதல் நாற்பதில் தளர்ந்ததும் இதனால்தான்.

உன் ஆபீஸ் மெயிலோடு வந்த, நீ சோதித்த மூன்றின் படங்களைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் நூல் நுனி உள்ளே செருகியிருந்தது. அப்படிச் செருகுவது மஞ்சுளா ஒருத்திதான். உன் கைக்கு வந்த மூன்றும் அவள் கட்டியவை. மற்றவை யார் கட்டியவை என்று சொல்ல எங்களிடம் ஒரு குறிப்பும் இல்லை.

கலியம்மாள் அக்காவிடம் கேட்டேன். "அவிழ்க்கத்தானடி கட்டறது? அவிழாம கட்டுனா நடவுல நிக்கிறவ என்னைத் திட்டமாட்டா?" என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா பாப்பா... எம்மேல தப்பாயிடுச்சா?"

"உங்கமேல இல்லக்கா. வேகத்தைப் பார்த்தேனே தவிர முடிச்சைப் பார்க்கல. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது நான்தான்."

நேற்றுக் காலை முத்துசாமி சார் அறைக்குப் போனேன். கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னாம்மா ரோஸ்லின், பாஸாயிடுச்சில்ல? பதினஞ்சாந்தேதி கையெழுத்து. நம்ம குழியை நாமளே தோண்டணுமா? எல்லாமே தளரும்னு உறுதியாத் தெரியுமா உனக்கு?"

"எல்லாமும் இல்ல சார். ஆனா அந்த வண்டில யாரோ போவாங்க சார்."

வெட்டிய மோட்டாரை அவர் மேசைமேல் வைத்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சின்னபொண்ணு அக்கா குரல்: "பாப்பா சொல்லுது, அனுப்பிடுங்க சார். வேலை போனா எங்குளுதும்தான் போவுது, நாங்க இன்னா வேணாம்னா சொல்றோம்?"

"எல்லாரும் கதவாண்டதான் நின்னுனு இருக்கீங்களா?" என்று சார் கத்தினார். யாரும் நகரவில்லை. "சரி, எழுதும்மா. ஒண்ணும் மறைக்காம எழுது. எழுதறதா இருந்தா முழுசா எழுதணும்" என்றார். பதினொன்றே காலுக்கு அனுப்பினோம்.

உன் பெயருக்கும் இதில் அடி விழும். திருபுவனை என்று சொன்னவள் நீ. அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் திரும்ப எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

ரோஸ்லின்


ஓசூர்
19 செப்டம்பர் 2025

ரோஸ்,

திட்டிவிட்டுத் தொடங்குகிறேன். பாவி, என் கேள்விக்குத் "தெரியாது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? விடிய விடிய அறுபது வண்டியைப் பிரித்தோம். என் நகம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

முப்பத்தெட்டு மோட்டாரில் உன் சுருக்கு. அதில் ஒன்பதில், சோதனை ஓட்டத்திலேயே கம்பிப் பூச்சு தேயத் தொடங்கிவிட்டது. கப்பல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டாம். அறுபதும் லாரியில் உங்களிடம் வருகின்றன.

ஒப்புதல் கையெழுத்து நடக்கவில்லை. ஆப்பிரிக்க வியாபாரிக்குத் தாமதம் என்று கடிதம் போனது. மேனேஜர் இறக்குமதிக் கோப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். "இதுக்குத்தான் சொன்னேன். நாத்து நடறவங்களை வெச்சு மோட்டார் செய்ய முடியுமா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வழக்கம்போலத் திரையில் பட்டியல் ஓடியது. இந்தத் தொழிலில் ஒரு நாடு முன்னேற என்னென்ன வேண்டும்: செல் தொழிற்சாலை, கனிமம், அரசின் ஆதரவு, சார்ஜ் போடும் வசதி, ஆராய்ச்சி. எதையும் நான் மறுக்கவில்லை. எழுந்து உன் மெயிலைத் திரையில் போட்டேன். படிக்க அவகாசம் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "போன வருஷம் வெளிநாட்டுல இருந்து வந்த கன்ட்ரோலர்ல கோளாறுன்னு நாம கண்டுபிடிச்சோம். அவங்க ஒத்துக்க எத்தனை மாசம் ஆச்சு?" ஐந்து மாதம் என்று யாரோ சொன்னார்கள். "நாம கேக்கறதுக்கு முன்னாடி, பாஸான சரக்கையே நிறுத்துங்கன்னு எழுதின சப்ளையர் நமக்கு இதுவரைக்கும் எத்தனை பேர்?" எங்கள் தலைவர் அந்த மெயிலை மறுபடி முதலிலிருந்து படித்தார். மேனேஜர் கோப்பை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

முடிவு இது: அக்டோபரில் நூறு மோட்டார், மறுபடி முதலிலிருந்து எல்லாச் சோதனையும். இந்த முறை மூன்று அல்ல, முப்பது. நான் பார்க்கமாட்டேன். என் தோழி அங்கே இருக்கிறாள் என்று கூட்டத்திலேயே சொல்லி விலகிக்கொண்டேன். மணிபாரதி என்பவர் வருவார். கண்டிப்பானவர். சிரிக்கவே மாட்டார்.

வரப்பைப் பற்றி. அப்பாவாவது வரப்பு வரை போனார். நான் அதுகூட இல்லை. நெல் மூட்டை வாசலுக்கு வந்தபின்தான் எனக்கு வயல் தெரியும். நீங்கள் நூலால் கட்டியதை நான் நூறு முறை படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் அந்த முடிச்சு எனக்குத் தெரிந்திருக்காது. அதைக் கண்டுபிடிக்க நீ வேண்டியிருந்தது. அன்று அவர்கள் முன்னால் அப்படிப் பேசியதற்கு, நேரில் வரும்போது எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

கஸ்தூரி


மடுகரை
30 அக்டோபர் 2025

கஸ்தூரி,

முடிவு உனக்கு முந்தாநாளே தெரிந்திருக்கும். முப்பதும் தேறியது. இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, அதை எழுதுகிறேன்.

திரும்பி வந்த அறுபதையும் நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. ஷெட் நடுவில் அடுக்கினோம். முதல் வேலை, சுவரிலிருந்த என் தாளைக் கிழித்தேன். மஞ்சுளா எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். கலியம்மாள் அக்கா மூன்று நாள் எரிச்சலோடு கட்டினார், ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று. "கை கேக்கமாட்டேங்குது பாப்பா" என்றார். நான்காம் நாள் ஆறு. இப்போது ஐந்து. ஒவ்வொரு மோட்டாரிலும் கட்டியவருடைய எண்ணைத் துணிப்பட்டையில் எழுதி வார்னிஷுக்கு முன்பே உள்ளே வைக்கிறோம். கலியம்மாள் அக்கா ஒன்று, மஞ்சுளா இரண்டு. மஞ்சுளாவுக்குக் கொஞ்சம் கோபம்.

மணிபாரதி சார் சிரிக்கவில்லை என்பது உண்மைதான். வார்னிஷுக்குப் போகாத ஒரு மோட்டாரை எடுத்து நூலை இழுத்துப் பார்த்தார். கலியம்மாள் அக்கா, "பலமா இழு தம்பி, காலைல துன்னல?" என்றார். அவர் இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் காது சிவந்தது.

பிறகு எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார்: "இறக்குமதி மோட்டார் இதைவிட மலிவா வருது. மெஷின் வந்துட்டா இன்னும் மலிவாகும். நாங்க ஏன் உங்ககிட்ட வாங்கணும்?"

முத்துசாமி சார் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிப்போகலாம் என்றால் கதவுப் பக்கம் சின்னபொண்ணு அக்கா நின்றிருந்தார்.

"மெஷின் வரட்டும் சார், அதையும் நாங்களே ஓட்டுவோம். கத்துக்குவோம்" என்றேன். "ஆனா சார், வெளிநாட்டு மோட்டார்ல கோளாறு வந்தா உங்களுக்கு யாரு சொல்லுவாங்க? ரோட்டுல நின்னுபோன கஸ்டமர்தான் சொல்லுவாரு. எங்க மோட்டார்ல வந்தா நாங்க சொல்லுவோம். யார் கட்டினது, எந்த நாள் கட்டினது, ஏன் ஆச்சு, எல்லாம் சொல்லுவோம். ஒரு மாசத்துல சரிபண்ணித் தருவோம்." ஷெட் நடுவில் கிடந்த அறுபதையும் பக்கத்தில் இருந்த புதிய நூறையும் காட்டினேன். "தந்திருக்கோம் சார்."

அவ்வளவுதான் பேசினேன். அவர் அந்த அடுக்கைச் சுற்றி நடந்தார். கையிலிருந்த நோட்டில் நிறைய எழுதினார். போகும்போது, "உங்க பேரு?" என்று கேட்டார். "இ. ரோஸ்லின்" என்றேன். இனிஷியலோடு சொன்னதற்காக மஞ்சுளா இன்னும் கேலி செய்கிறாள். அப்பா இன்னாசிமுத்துவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, "திரும்பச் சொல்லு, எப்படிச் சொன்ன?" என்றார்.

ஒப்புதல் தாள் வந்துவிட்டது. மாதம் ஐநூறு. பக்கத்து ஷெட்டுக்குப் பதினெட்டுப் பேர் எடுக்கிறோம், அதில் ஆறு பேர் நெட்டப்பாக்கத்தில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். ஒருத்தி என்னிடம் பேசவே கூச்சப்படுகிறாள். நான் அவளிடம் பேசக் கூச்சப்படுகிறேன். எப்படியோ வேலை நடக்கிறது.

இன்று காலை நூறு மோட்டாரோடு முதல் லாரி கிளம்பியது. பெட்டிகளில் "இந்தியாவில் செய்தது" என்று அச்சிட்டிருந்தார்கள். சின்னபொண்ணு அக்கா, "இந்தியா சரி, எங்க ஊரு பேரு எங்க?" என்று டிரைவரிடமே சண்டைக்குப் போனார். லாரி கேட்டைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் ஏறும்வரை எல்லோரும் வெளியே நின்று பார்த்தோம். யாரும் கைதட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றோம்.

முதலில் திரும்பியது கலியம்மாள் அக்காதான். "இன்னா நின்னுனே இருக்கீங்க? இன்னும் நானூறு இருக்குது" என்றார்.

உள்ளே போனோம்.

இ. ரோஸ்லின்